முன்நவீன காலக் கலை வரலாறு: நம்ம ஊர்ப் பசங்களுக்கு ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் நிஜமாவே கிடைக்குமா?

கேள்வி, 3 ஆகஸ்ட் 2025

அக்கா, நான் ராமநாதபுரம் பக்கம். வரலாறு எம்.ஏ. முடிச்சு பி.எச்டி. ரெஜிஸ்டர் பண்ணி ஒரு வருஷம் ஆச்சு. எங்க பக்கத்துப் பழைய துறைமுகம் பெரியபட்டினத்துல கிடைச்ச சீனப் பீங்கான் ஓடுகளை வச்சு இந்தியப் பெருங்கடல் கலைத் தொடர்பு பத்திப் பண்ணலாம்னு ஆசை. இந்த மாதிரி நாடு விட்டு நாடு போற டாபிக்குக்கு வர்ற ஃபெல்லோஷிப் எல்லாம் டெல்லியிலயோ லண்டன்லயோ படிச்சவங்களுக்குத்தான், நமக்கெல்லாம் கிடைக்காதுன்னு டிபார்ட்மென்ட்ல எல்லாரும் சொல்றாங்க. உண்மையா?

4 ஆகஸ்ட் 2025, ராத்திரி 11.20

தம்பி, உண்மை இல்ல. நான் சேலம் அம்மாபேட்டை, பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், அப்பா தறி, அம்மா தறிக்கு நூல் தார் சுத்துவாங்க. இதுவரைக்கும் பன்னெண்டு இடத்துக்கு அப்ளை பண்ணி மூணு கிடைச்சிருக்கு. ஒன்பது கிடைக்கல. அந்த ஒன்பதும் நான் எங்க படிச்சேங்கிறதால போகல, நான் எழுதின விதத்தால போச்சு, அதை இப்ப திரும்பப் படிச்சா எனக்கே தெரியுது.

என் டாபிக் இந்தியாவுல அச்சடிச்சு எகிப்துல கண்டெடுத்த பருத்தித் துணிகள். ஃபுஸ்தாத்னு ஒரு ஊர், பழைய கெய்ரோ. 641-ல அரபுப் படை கட்டினது, 1168-ல எரிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் பெரும்பகுதி குப்பை மேடு. மழையே இல்லாத மண்ணுங்கிறதால அந்தக் குப்பையில துணி மக்காம அப்படியே இருந்துச்சு. குஜராத் பக்கம் அச்சடிச்ச துணிக் கந்தல்கள் ஆயிரக்கணக்குல கிடைச்சிருக்கு. ஆக்ஸ்ஃபோர்டுல ஆஷ்மோலியன் மியூசியத்துல மட்டும் ஆயிரத்து இருநூறுக்கும் மேல இருக்கு, பெர்சி நியூபெரிங்கிற எகிப்தியல் அறிஞர் சேர்த்து வச்சு 1946-ல கொடுத்தது.

நாளைக்கு மீதி எழுதுறேன், நாளைக்குக் காலையில க்ளாஸ் இருக்கு.

5 ஆகஸ்ட் 2025

முதல்ல காசு. யு.ஜி.சி. ஜே.ஆர்.எஃப்., அதாவது மத்திய அரசு மாசாமாசம் தர்ற ஆராய்ச்சி உதவித்தொகை, வாங்கிட்டீங்களா? வாங்கலன்னா வேற எதையும் பாக்குறதுக்கு முன்னாடி அதை முயற்சி பண்ணுங்க. 2023-ல இருந்து மாசம் 37,000, ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அது எஸ்.ஆர்.எஃப்.னு சீனியர் நிலை ஆகும்போது 42,000. பொதுப் பிரிவுக்கு 30 வயசு வரம்பு, பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கும் அஞ்சு வருஷம் தளர்வு உண்டு. இதை ஏன் முதல்ல சொல்றேன்னா வெளிநாட்டு ஃபெல்லோஷிப் முக்கால்வாசி மூணு மாசம், ஆறு மாசம், ஒரு வருஷம். பி.எச்டி. அஞ்சு வருஷம் ஆகும். நடுவுல வீட்டுல அரிசி வாங்கணும்ல. கூடப் படிச்ச ரெண்டு பேர் ஃபெல்லோஷிப் முடிஞ்சு திரும்பி வந்து கையில காசில்லாம ஆராய்ச்சியையே விட்டுட்டாங்க, ரெண்டு பேருமே என்னைவிட நல்லாப் படிச்சவங்க, அதை நினைச்சா இன்னிக்கும் மனசு ஆறல.

5 ஆகஸ்ட் 2025, சாயங்காலம்

"எந்த ஃபெல்லோஷிப் பெஸ்ட்"னு இன்னும் நாலு பேர் கேட்டிருக்கீங்க. கேள்வியே அப்படி வரக்கூடாதுங்க. உங்க பொருள் எங்க இருக்குன்னு பாருங்க, அந்த ஊருக்கு யார் காசு தர்றாங்கன்னு அப்புறம் பாருங்க.

என் விஷயத்துல கந்தல்கள் ஆக்ஸ்ஃபோர்டுல இருந்துச்சு, அதனால பிரிட்டனுக்குக் காசு தர்ற இடங்களைப் பாத்தேன். சார்ல்ஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் இருக்கு, கல்கத்தாவுல வியாபாரம் பண்ணி 1916-ல இறந்துபோன ஒருத்தரோட சொத்துல இருந்து வந்தது, 1981-ல டிரஸ்ட் ஆச்சு. இந்தியாவுல இருக்கிற இந்தியர்களுக்கு மட்டும், பிரிட்டனுக்கு மட்டும். குறுகிய ஆராய்ச்சிப் பயணத்துக்கு அவங்க தர்றது ஒரு பங்குதான், முழுச் செலவுக்கும் எதிர்பார்க்காதீங்க. நேரு டிரஸ்ட்னு இன்னொண்ணு, லண்டன் வி அண்ட் ஏ மியூசியத்தோட இந்தியச் சேகரிப்பை ஒட்டி ஆரம்பிச்சது, சின்னச் சின்ன ஆய்வு உதவிகள் தந்திருக்காங்க. இஸ்லாமியக் கலைன்னா பரக்கத் டிரஸ்ட்.

அதே ஃபுஸ்தாத் துணிகள் அமெரிக்காவுலயும் இருக்கு, மிச்சிகன்ல ஆன் ஆர்பர் ஊர்ல கெல்சி மியூசியத்துல ஒரு நல்ல தொகுப்பு. அங்க போகணும்னா ஃபுல்பிரைட்-நேரு டாக்டரல் ரிசர்ச் இருக்கு, இந்தியப் பல்கலைக்கழகத்துல பி.எச்டி. பதிஞ்சவங்களுக்குன்னே வச்சது, ஆறுல இருந்து ஒன்பது மாசம். இதை நம்ம பக்கத்துல நிறையப் பேருக்குத் தெரியல. நீங்க தமிழ்நாட்டு யுனிவர்சிட்டியில பதிஞ்சிருக்கிறது அங்க குறையே இல்ல, தகுதியே அதுதான்.

ஃப்ளோரன்ஸ்ல 1897-ல ஆரம்பிச்ச ஜெர்மன் கலை வரலாற்று நிறுவனம், இப்ப மாக்ஸ் பிளாங்க்ங்கிற ஜெர்மன் ஆராய்ச்சிக் கழகத்துக்குக் கீழ இருக்கு. இத்தாலிக் கலை மட்டும்தான்னு நினைச்சு நான் ரெண்டு வருஷம் அந்தப் பக்கமே போகல. அங்க மத்தியதரைக்கடல், மேற்கு ஆசியா, இந்தியப் பெருங்கடல்னு போற ஆராய்ச்சிக்கும் இடம் இருக்கு. அதே ஊர்ல ஹார்வர்டோட ஐ டாட்டி, பெரென்சன்கிற கலை அறிஞர் எழுதிவச்சுட்டுப் போன வில்லா, அங்கயும் உலகத்தோட இத்தாலிக்கு இருந்த தொடர்பைப் படிக்கிறவங்களுக்குன்னு தனி ஃபெல்லோஷிப் உண்டு, ஆனா பி.எச்டி. முடிச்சிருக்கணும். வாஷிங்டன்ல டம்பர்ட்டன் ஓக்ஸ், பைசாந்தியம், அதாவது கிழக்கு ரோமப் பேரரசு, தொட்ட டாபிக்னா பாருங்க, பி.எச்டி. பண்ணிட்டிருக்கவங்களுக்கும் ஜூனியர் ஃபெல்லோ இடம் தர்றாங்க.

பெர்லின்ல நடந்த 'ஆர்ட் ஹிஸ்டரீஸ்' ப்ரோக்ராம் லிங்கை இன்னும் வாட்ஸப்ல அனுப்பிக்கிட்டே இருக்கீங்க. அது 2013-ல இருந்து 2019 வரைக்கும் நடந்து முடிஞ்சிருச்சு. நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு அது ரொம்பப் பொருத்தமா இருந்துச்சு, ஒரு நாட்டுக் கலைன்னு கட்டம் போடாம ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கான்னு இளம் ஆய்வாளர்களை ஒரே மேசையில உட்கார வச்சாங்க. முடிஞ்சதுல வருத்தம்தான்.

9 ஆகஸ்ட் 2025

"ப்ரொபோசல்ல என்ன எழுதினீங்க"ன்னு கேட்டதுக்கு.

முதல் தடவை "10 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை இந்தியப் பெருங்கடல் வலைப்பின்னலில் துணிகளின் பங்கு"ன்னு எழுதினேன். எழுநூறு வருஷம், முழுக் கடலும் ஒரு பக்கத்துல. கிடைக்கல. ரெண்டாவது தடவையும் அதையே கொஞ்சம் நல்ல இங்கிலீஷ்ல எழுதினேன், அதுவும் கிடைக்கல.

மூணாவது தடவை ஒரு கந்தல் பத்தி மட்டும் எழுதினேன். ஆஷ்மோலியன் அந்தத் துணிகளை போட்டோ எடுத்து நெட்ல போட்டிருக்காங்க, யார் வேணா பாக்கலாம், பைசா செலவில்ல. நான் வீட்டுல உட்கார்ந்து ராத்திரி ராத்திரியா ஒவ்வொண்ணா பெருசு பண்ணிப் பாத்தேன். அப்ப ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, உள்ளங்கை அளவு துண்டு, நீலத்துல அன்னப்பறவை வரிசை. அதே மாதிரி அன்ன வரிசை இந்தோனேஷியாவுல சுலவேசித் தீவுல தொராஜா மக்கள் தலைமுறை தலைமுறையா பாதுகாத்து வச்சிருந்த இந்தியத் துணியிலயும் இருக்கு. சுலவேசியில அது சாமி காரியத்துக்கு எடுக்கிற புனிதத் துணி, கிழியாம நீளமா இருக்கு. எகிப்துல அதே அச்சு சட்டையாவும் உறையாவும் தேஞ்சு குப்பைக்குப் போயிருக்கு. ஏன் ஒரே சரக்கு ஒரு ஊர்ல தெய்வமாவும் இன்னொரு ஊர்ல அன்றாடத் துணியாவும் ஆச்சு? இதைத்தான் கேட்டேன். கிடைச்சது.

தொகை சின்னது, அஞ்சு வாரம்தான், டிக்கெட் என் கைக்காசு. ஆனா அந்த அஞ்சு வாரம் இல்லன்னா அடுத்து வந்த ரெண்டும் இல்ல. சின்னதை "எதுக்கு இது"ன்னு விட்டுறாதீங்க.

9 ஆகஸ்ட் 2025, கொஞ்ச நேரம் கழிச்சு

மேல எழுதினதுல ஒரு விஷயம் விட்டுப்போச்சு. நேர்ல போனப்ப என்ன பாத்தேங்கிறதைச் சொல்லவே இல்ல.

ஸ்டடி ரூம்ல முன்னாடியே மெயில் போட்டு நேரம் வாங்கணும், காசு கேக்க மாட்டாங்க. வெள்ளை அட்டையில துணியை வச்சு மேசைக்குக் கொண்டுவந்து வைப்பாங்க. கையில பென்சில் மட்டும்தான், பேனா கூடாது. லென்ஸ்ல குனிஞ்சு பாத்தா முதல்ல எனக்குத் தெரிஞ்சது டிசைன் இல்ல, நூலோட முறுக்கு. இங்கிலீஷ் இசட் எழுத்து இருக்குல்ல, அதோட நடுக்கோடு சாயுற பக்கம் முறுக்கு சாஞ்சா அது இசட் முறுக்கு, எஸ் எழுத்தோட நடுப்பகுதி சாயுற பக்கம் சாஞ்சா எஸ் முறுக்கு. எகிப்து நூல் எல்லாம் எஸ் பக்கம் முறுக்கினது. காரணம் என்னன்னா அங்க ஆளி நார் அதிகம், அது நனைஞ்சு காயும்போது தானாவே எஸ் பக்கம் திரும்பும், அந்தக் கைப்பழக்கத்துல பருத்தியையும் அப்படியே நூத்தாங்க. நம்ம நாட்டுப் பருத்தி நூல் இசட். ஆக டிசைனைப் பாக்காமலே இது நம்ம ஊர்த் துணின்னு சொல்லிடலாம்.

சின்ன வயசுல அம்மா பக்கத்துல உட்கார்ந்து நூல் அறுந்தா ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டி முடிச்சுப் போட்டிருக்கேன், எந்தப் பக்கம் உருட்டினா முறுக்கு ஏறும் எந்தப் பக்கம் பிரியும்னு விரலுக்கே தெரியும். அது ஒரு படிப்புன்னு எனக்கு ஆக்ஸ்ஃபோர்டு மேசையில உட்கார்ந்தப்பதான் தெரிஞ்சுது.

11 ஆகஸ்ட் 2025

திருத்தம். "முறுக்கைப் பாத்தே நம்ம ஊர்த் துணின்னு சொல்லிடலாம்"னு மேல எழுதினது தப்பு, அவசரத்துல எழுதிட்டேன். ஈரான், ஈராக் பக்கமும் பருத்தியை இசட் முறுக்குலதான் நூத்தாங்க. முறுக்கு வச்சு இது எகிப்து நூல் இல்லன்னு சொல்லலாம், அவ்வளவுதான். இந்தியான்னு சொல்ல சாயமும் வேணும், அச்சு முறையும் வேணும். சிவப்புக்குப் படிகாரம், கறுப்புக்கு இரும்பு, இதைத் துணியில முதல்ல அச்சடிச்சிட்டு அப்புறம் சாயத்தொட்டியில முக்கினா அச்சு விழுந்த இடத்துல மட்டும் சாயம் கடிக்கும். நீலத்துக்கு அதுக்கு நேர் எதிர், நீலம் வேண்டாத இடத்துல மெழுகோ பசையோ வச்சு மறைச்சிட்டு அவுரித் தொட்டியில இறக்கணும். பருத்தியில இந்த வேலையை அவ்வளவு சுத்தமா அந்தக் காலத்துல பண்ணவங்க நம்மாளுங்கதான். அதோட அந்த டிசைன்கள் குஜராத் சமண ஓலை, காகிதச் சுவடி ஓவியங்கள்ல உடுத்தியிருக்கிற துணியிலயும் வருது. எல்லாம் சேர்ந்தாதான் சாட்சி.

இதை ஏன் இவ்வளவு நீளமாச் சொல்றேன்னா, ஒரு அப்ளிகேஷன்ல நான் முறுக்கை மட்டும் வச்சு அடிச்சு எழுதினேன், ரிவ்யூ பண்ணவர் ஒரே வரியில இதே கேள்வியைக் கேட்டிருந்தார். அந்தத் தடவை போனது அதனாலதான். அவர் பேர் தெரியாது, ஆனா நன்றியோட நினைச்சுக்கிறேன், எனக்கு ஒரு சாப்டரே அந்த ஒரு வரியில இருந்து வந்துச்சு.

12 ஆகஸ்ட் 2025

சாயவேர்ங்கிற சிவப்புச் சாயம் தர்ற வேர் பத்திக் கேட்டவங்களுக்கு: அது சோழமண்டலக் கரை. நம்ம கரைச் சிவப்பு அந்த வேர்ல இருந்து வரும், குஜராத் துணி வேற கதை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்க வேண்டாம். இது பத்தி தனியா எழுதணும், இங்க எழுதினா தம்பி கேள்வி அடியில போயிரும்.

20 ஆகஸ்ட் 2025

மொழி. இதுதான் நம்ம பசங்க ரொம்பப் பயப்படுறது, சிலர் பயப்படவே இல்லாம இருக்கிறது அதைவிட மோசம்.

நாடு தாண்டின டாபிக்னா இன்னொரு நாட்டு மொழியில ஒண்ணாவது தெரியணும். கெய்ரோ பழைய யூதக் கோயில்ல ஒரு அறை முழுக்க கடுதாசியா சேர்ந்திருந்துச்சு, கெனிசான்னு சொல்லுவாங்க, கடவுள் பேர் எழுதின காகிதத்தைக் கிழிச்சுப் போடக்கூடாதுன்னு அதுல போட்டு வச்சது. அதுல பெரும்பங்கு இப்ப கேம்பிரிட்ஜ்ல இருக்கு. அதுக்குள்ள இந்தியாவோட வியாபாரம் பண்ணின வியாபாரிகளோட கணக்கும் கடிதமும் வருது. துனீசியாவுல இருந்து வந்து 12-ஆம் நூற்றாண்டுல மங்களூர்ல பல வருஷம் தங்கி, வெண்கலப் பட்டறை நடத்தி, ஆஷுன்னு ஒரு பெண்ணைக் கல்யாணம் பண்ண ஆபிரகாம் பென் யிஜு கடிதம் எல்லாம் இருக்கு. அரபியில எழுதினது, ஆனா ஹீப்ரு எழுத்துல. எனக்கு முதல்ல ரெண்டுமே தெரியாது. மொழிபெயர்ப்பை வச்சே ஓட்டிக்கலாம்னு நினைச்சேன்.

அது முடியாதுன்னு ஒரு நேர்காணல்ல தெரிஞ்சுது. ஆன்லைன்ல நடந்துச்சு, அங்க நாலு பேர், இங்க நான் வைஃபை போயிரக்கூடாதுன்னு ரெண்டு போன் பக்கத்துல வச்சுக்கிட்டு. நான் மேற்கோள் காட்டின கடிதத்துல 'துணி'ன்னு மொழிபெயர்த்திருந்த சொல்லுக்கு மூலத்துல என்ன வார்த்தைன்னு ஒருத்தங்க கேட்டாங்க, மரியாதையாத்தான் கேட்டாங்க. எனக்குத் தெரியல. தெரியலன்னு சொன்னேன். அன்னிக்கு ராத்திரி அழுதேன், மறுவாரம் அரபி க்ளாஸ்ல சேர்ந்தேன். சென்னையில ஒரு கல்லூரியில சாயங்கால வகுப்பு, பஸ்ஸுல ஒன்றரை மணி நேரம். மூணு வருஷம் ஆச்சு, இப்பவும் அகராதி இல்லாம படிக்க வராது, ஆனா எந்த வார்த்தையைத் தேடணும்னு தெரியும்.

அப்ளிகேஷன்ல இதை அப்படியே எழுதுங்க. "அரபி, ரெண்டாம் நிலை, அகராதியோடு வாசிப்பேன்"னு. 'இன்டர்மீடியட்'னு பொதுவாப் போட்டு நேர்காணல்ல மாட்டிக்காதீங்க.

21 ஆகஸ்ட் 2025

தனக்கு எந்த மொழின்னு கேட்ட தம்பிக்கு: உங்களுக்கு சீன மொழி. எழுத வராட்டியும் பரவாயில்ல, சூளைகளோட பேர்களையும் அகழாய்வு அறிக்கையில படத்துக்குக் கீழ போடுற குறிப்பையும் படிக்கிற அளவுக்காவது.

2 செப்டம்பர் 2025

கடிதம், ரெகமண்டேஷன் கடிதம். "பெரிய ஆள் கிட்ட வாங்கணுமா?"

பெரிய ஆள் கிட்டயே ஒண்ணு வாங்கினேன். ஒரு கருத்தரங்குல ரெண்டு தடவை பேசினவங்க, நல்ல மனுஷி, நாலு வரி எழுதினாங்க. அது உதவவே இல்லன்னு நினைக்கிறேன். உதவினது என் எம்.ஏ. வாத்தியார் எழுதினது, வெளியில யாருக்கும் அவர் பேர் தெரியாது, ஆனா நான் லைப்ரரியில தறிக்கணக்குக் குறிப்பேட்டைப் பாத்துட்டு அதை அவர்கிட்டக் கொண்டுபோன நாள்ல இருந்து என்ன பண்ணேன்னு ரெண்டு பக்கம் எழுதியிருந்தார். உங்களைத் தெரிஞ்சவங்க கிட்ட வாங்குங்க. கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்னாடி கேளுங்க, உங்க ப்ரொபோசலையும் சேர்த்துக் கொடுங்க, வாரம் ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க. வாத்தியாரைத் தொல்லை பண்றோமேன்னு நினைக்காதீங்க, அவங்களுக்கும் இது பழக்கம்தான்.

2 செப்டம்பர் 2025, ராத்திரி

ஆபீஸ் சமாச்சாரத்தையும் சொல்லிடுறேன். எனக்கு ரெண்டாவதா கிடைச்ச ஃபெல்லோஷிப்புக்கு ஒரு ஆட்சேபணையின்மைச் சான்று வேணும். ஃபைல் ஒரு செக்ஷன்ல ஒன்பது வாரம் நின்னுச்சு. தினமும் போய் நின்னேன், யாரும் மறுக்கல, யாரும் கையெழுத்தும் போடல. கிளம்ப வேண்டிய தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்துச்சு, அதுக்குள்ள விசா அப்பாயின்ட்மென்ட் போயிருச்சு, பதினேழு நாள் லேட்டா சேர்ந்தேன், அந்தப் பதினேழு நாள் ஸ்டைபண்ட் வெட்டினாங்க. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே என்னென்ன சான்று வேணும்னு கேட்டு வாங்கி வச்சுக்கோங்க.

இத்தாலி போறவங்களுக்கு: இறங்கி எட்டு வேலை நாளுக்குள்ள போஸ்ட் ஆபீஸ்ல தங்கும் அனுமதிக்கு மனு போடணும், 16 யூரோ முத்திரை வில்லை ஒட்டணும். முதல் மாசக் காசு வர்றதுக்கு முன்னாடி வீட்டுக்கு அட்வான்ஸ் கேப்பாங்க. கையில ரெண்டு மாசச் செலவு இல்லாம ஏறாதீங்க. இல்லன்னா ஃபெல்லோஷிப் குடுக்கிற இடத்துக்கே மெயில் போட்டு முன்பணம் தருவீங்களான்னு கேளுங்க. நான் வெக்கப்பட்டுக் கேக்காம சித்தப்பாகிட்டக் கடன் வாங்கினேன், அப்புறம்தான் தெரிஞ்சுது கேட்டிருந்தா கொடுத்திருப்பாங்கன்னு.

14 செப்டம்பர் 2025

கலை ஆராய்ச்சிக்குக் காசு தர்ற அமெரிக்க அமைப்பான கெட்டி ஃபவுண்டேஷன் பத்தித் தனியா மெசேஜ் பண்ணவங்களுக்கு. அவங்களோட 'கனெக்டிங் ஆர்ட் ஹிஸ்டரீஸ்' திட்டம் 2009-ல ஆரம்பிச்சது. அந்தக் காசு நிறுவனங்களுக்குப் போய், அந்த நிறுவனங்கள் ஆய்வாளர்களைக் கூப்பிடும். நேரா நீங்க மனு போடுற விஷயம் இல்ல. எந்த நிறுவனம் அடுத்து என்ன நடத்துதுன்னு பாத்து அங்க போடணும்.

வி அண்ட் ஏ துணிகளைப் பாக்கணும்னா இப்ப ரொம்ப சுலபம். 2025 மே மாசம் கிழக்கு லண்டன்ல ஸ்டோர்ஹவுஸ் திறந்திருக்காங்க, அஞ்சு பொருள் வரைக்கும் முன்பதிவு பண்ணி மேசைக்கு வரவழைச்சுப் பாக்கலாம், ஆய்வாளர்னு இல்ல, யார் வேணா. எனக்கு இது எவ்வளவு பெரிய விஷயமாத் தெரியுதுன்னா, நான் முதல் தடவை ஒரு மியூசியத்துக்கு மெயில் போட்டப்ப "உங்களோட தொடர்புள்ள நிறுவனத்தின் கடிதம்"னு கேட்டு மூணு மாசம் போச்சு.

27 செப்டம்பர் 2025

தம்பி ட்ராஃப்ட் அனுப்பியிருந்தார். படிச்சேன். தலைப்பு "சோழ, பாண்டிய காலக் கடல்வழிப் பண்பாட்டுப் பரிமாற்றம்." இது நான் பண்ண அதே தப்பு. ரெண்டாவது பக்கம் கடைசிப் பத்தியில ஒரு வரி இருக்கு, "பெரியபட்டினத்தில் கிடைத்த பச்சை நிறப் பீங்கான் ஓடுகளில் சில மெருகு தடிமனாகவும் சில மெல்லியதாகவும் உள்ளன"ன்னு. அங்க ஆரம்பிங்க. மேல இருக்கிறதை எல்லாம் வெட்டுங்க.

இன்னொண்ணு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் சொல்ற அதே ஃபுஸ்தாத் குப்பை மேட்டுல சீனப் பச்சைப் பீங்கானும் ஏகப்பட்டது கிடைச்சிருக்கு. குஜராத் துணியும் சீனாவுல லாங்சுவான் சூளைகள்ல சுட்ட பச்சைப் பீங்கானும் ஒரே குப்பையில. அதோட அங்க இருந்த எகிப்துக் குயவங்க அந்தப் பச்சையைப் பாத்து அவங்க மண்ணுல அதே மாதிரி பண்ணிப் பாத்திருக்காங்க, அந்த நகல்களும் கிடைச்சிருக்கு. இஸ்தான்புல்ல தோப்காபி அரண்மனையில பத்தாயிரத்துக்கும் மேல சீனப் பீங்கான் இருக்கு, உடையாம. ஈரான்ல அர்தபில் தர்காவுக்கு அந்த நாட்டு மன்னர் ஷா அப்பாஸ் 1611-ல ஆயிரத்துக்கும் மேல தானம் கொடுத்திருக்கார். அரண்மனையில முழுசா, தர்காவுல காணிக்கையா, நம்ம கடற்கரையில ஓடா. உங்க ஓடுகளை இந்த வரிசையில வச்சுப் பாருங்க, நீங்க எங்க போகணும்னு அதுவே சொல்லும்.

19 அக்டோபர் 2025

தீபாவளிக்கு ஊருக்கு வந்திருக்கேன். ஆஷ்மோலியன் கந்தலோட பெருசு பண்ண போட்டோவை அம்மாகிட்டக் காட்டினேன், இவ்வளவு வருஷமா காட்டவே இல்ல, ஏன்னு தெரியல.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. அன்னத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல. ஓரத்துல ஒரு தையல் இருக்கு, அதைத் தொட்டு "இந்த நூல் வேற, இது பருத்தி இல்ல, முறுக்கும் திரும்பி இருக்கு, ஊசி போட்டவ வேற ஊர்க்காரி"ன்னாங்க. நான் அந்தத் தையலைப் பாத்திருக்கேன், குறிப்புல 'தைத்த ஓரம்'னு மட்டும் எழுதியிருக்கேன். பெருசு பண்ணிப் பாத்தேன். ஆளி நூல், எஸ் முறுக்கு. துணி நம்ம நாடு, தையல் எகிப்து. கெய்ரோவுல யாரோ ஒருத்தங்க அந்தத் துணியை வாங்கி வெட்டி, அவங்க வீட்டு நூலால மடிச்சுத் தைச்சிருக்காங்க, கிழிஞ்சப்புறம் திரும்ப ஒரு தடவை ஒட்டும் போட்டிருக்காங்க, ரெண்டாவது தையல் இன்னும் நெருக்கமா இருக்கு.

அஞ்சு வாரம் அந்த மேசையில உட்கார்ந்து நான் அச்சைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். இப்ப என்கிட்ட இருக்கிற நானூறு போட்டோவையும் தையலுக்காக முதல்ல இருந்து பாக்கணும். அடுத்த வருஷம் போடுற அப்ளிகேஷன் இதுதான். ஆன் ஆர்பர்ல இருக்கிறதையும் சேர்த்து, தையல் நூல் மட்டும்.

20 அக்டோபர் 2025

"அம்மா பேரைத் தீசிஸ்ல போடுவீங்களா"ன்னு கேட்டிருக்கீங்க. போடுவேன். நன்றியுரையில இல்ல, அடிக்குறிப்புல, அந்தத் தையல் பத்தின வாக்கியத்துக்கு நேரா.

8 நவம்பர் 2025

தம்பிக்கு ஓடுகளைப் பாக்க அனுமதி கிடைச்சிருச்சு. ரொம்ப சந்தோஷம். பன்னெண்டு போட்டோ வந்துச்சு, நல்ல வெளிச்சத்துல எடுத்திருக்கீங்க, அளவுகோலும் வச்சிருக்கீங்க.

ஆனா பன்னெண்டும் மேல் பக்கம். பச்சை நல்லாத்தான் இருக்கு, ஆனா பச்சையை வச்சு எந்த ஊருன்னு முடிவு பண்ண முடியாது, தாய்லாந்துல சவன்கலோக் சூளைகள்லயும் இதே பச்சை பண்ணியிருக்காங்க. லாங்சுவான்னா அடியில மெருகு படாத வளையம் சூளையில வெந்து செங்கல் மாதிரி சிவந்திருக்கும். சவன்கலோக்னா பாத்திரத்தைக் குழாய் மாதிரி ஒரு தாங்கி மேல வச்சுச் சுட்டதால அடியில கருப்பா ஒரு வட்டத் தழும்பு இருக்கும். 4, 7, 11 இந்த மூணுலயும் அடிப்பாகம் கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கிற மாதிரித் தெரியுது. அந்த மூணையும் திருப்பிப் போட்டு, பக்கவாட்டு வெளிச்சத்துல மறுபடி எடுத்து அனுப்புங்க.